அறுபத்துநாலு சாவி

நாற்பத்தெட்டு டப்பாக்கள் தேவையில்லை என்று கலைச்செல்வன் சொல்லி அரை நிமிடம் ஆவதற்குள், அவனுடைய முன்பல் ஒன்று மேஜை மேல் கிடந்தது.

அடித்தவர் குஞ்சிதபாதம், முப்பத்து மூன்றாம் டப்பாவின் அதிகாரி. அடித்த கையைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு, "ம், மேல சொல்லுப்பா" என்றார். கூட்டத்தில் பேசுகிறவரைப் பாதியில் நிறுத்தக் கூடாது என்பது மையத்தின் மரபு.

மையம் என்றால், நெய்வேலி டவுன்ஷிப்பைத் தாண்டிச் சுரங்கத்தின் விளிம்பில் இருந்த மண்சரிவு முன்னறிவிப்பு மையம். அதற்கு ஒரே ஒரு வேலை. பள்ளத்துக்கு அந்தப்புறம் நிற்கும் தென்சுவரை ராடாரால் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சுவர் நகர ஆரம்பித்தால் சங்கை அலறவிட வேண்டும். அடியில் நிலக்கரியைச் சுமந்தோடும் பெல்ட்டுக்குக் கீழே வேலை செய்கிறவர்கள் மேலே ஓடி வந்துவிடுவார்கள்.

அந்த ராடாருக்குச் சுழலும் தட்டு கிடையாது. ஒரு பெரிய பலகை. அதில் வரிசையாக அறுபத்துநாலு சின்ன ஆன்டெனாக்கள். எல்லாம் ஒரே நேரத்தில் அலையை விட்டால் கதிர் நேராகப் போகும். வலது பக்கத்தவை கொஞ்சம் பிந்தி விட்டால் கதிர் வலப்பக்கம் திரும்பும். தேர் வடத்தில் ஒரு பக்கத்து ஆட்கள் சற்றுப் பிந்தி இழுத்தால் தேர் அந்தப் பக்கம் திரும்புகிறதே, அதேதான். எவ்வளவு பிந்துவது என்பதைப் பார்த்துக்கொள்வது ஒரு டப்பா. ஆன்டெனாவுக்கு ஒரு டப்பா என்று அறுபத்துநாலு டப்பாக்கள். புத்தகத்தில் அதற்கு ஃபேஸ் ஷிஃப்டர் என்று பெயர். மையத்தில் அதற்குப் பதவி என்று பெயர்.

டப்பாவுக்கு ஓர் அதிகாரி. அதிகாரிக்கு ஒரு சாவி, ஒரு அறை, ஒரு குவார்ட்டர்ஸ். காலை பத்து மணிக்கு அறுபத்துநாலு பேரும் வரிசையில் நின்று அவரவர் டப்பாவைத் திறப்பார்கள், கையெழுத்திடுவார்கள், டீ குடிப்பார்கள். ஐந்து மணிக்குப் பூட்டுவார்கள். ஐந்து மணிக்கு மேல் மண் சரியாது என்று ஒரு சுற்றறிக்கை இருந்தது.

ஒருவர் லீவு போட்டால் அவருடைய டப்பா திறக்காது. கதிர் கோணலாகும். ஆவணி மாதத்தில் ஒரு முகூர்த்த நாளில், முதல் டப்பா அதிகாரி வேலுமணி வீட்டுக் கல்யாணத்துக்காகப் பதினேழு பேர் பண்ருட்டிக்குப் போய்விட்டார்கள். அன்றைக்கு ராடார் தென்சுவரை விட்டுவிட்டு மையத்தின் கேன்டீனைப் பார்த்தது. சமையல்கார இசக்கியம்மாள் சாம்பாரைக் கிண்டிக்கொண்டிருந்தாள். "அபாய நகர்வு" என்று சங்கு அலறியது. முண்டியடித்து ஓடியதில் இரண்டு பேருக்குக் கால் முறிந்தது. கொதிக்கும் சாம்பார் இசக்கியம்மாளின் முழங்கையில் கொட்டித் தோலை உரித்துக்கொண்டு போனது. விசாரணைக்குப் பிறகு, கேன்டீனில் கரண்டியால் கிண்டக் கூடாது என்று உத்தரவு வந்தது.

வாசலில் ஒரு பச்சைப் பலகை. "இம்மையம் விபத்தின்றி இயங்கிய நாட்கள்: 1,112." மறுநாள் அதை 1,113 ஆக்கினார்கள்.

கலைச்செல்வன் அங்கே காண்ட்ராக்ட் டெக்னீஷியன். டிப்ளமோ படித்தவன். டப்பா ரிப்பேரானால் திறந்து பார்க்க வேண்டியது அவன். அதிகாரிகளுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது, தெரிந்துகொள்வது கௌரவக் குறைவு. அவனுடைய அக்கா மாணிக்கம்மாள் தென்சுவருக்கு நேர் கீழே, பெல்ட்டிலிருந்து சிந்தும் நிலக்கரியை வாரிப் போடும் காண்ட்ராக்ட் கேங்கில் இருந்தாள். நாற்பது பேர். அவனை டிப்ளமோ படிக்க வைத்தது அவளுடைய மண்வெட்டிதான்.

அந்தச் சுவரில் மாசி மாதமே ஒரு வெடிப்பு கண்டிருந்தது. அப்போது விரல் நுழைந்தது. புரட்டாசியில் முழங்கை வரை நுழைந்தது.

"ஏன்டா கலை, உங்க மெசினு அத்தப் பாத்துக்கினுதான கீது?" என்று அக்கா ஒருநாள் கேட்டாள். கம்மாபுரம் பக்கத்தில் இருந்த அவர்கள் வீட்டில், சோற்றைப் பிசைந்தபடி.

"பாக்குது. அறுவத்தி நாலு பேரும் வந்தா பாக்குது."

"வரலைன்னா?"

"சாம்பாரப் பாக்குது."

அக்கா சிரிக்கவில்லை. "எதுக்குடா அறுவத்தி நாலு பேரு? எங்க கேங்குல நாப்பது பேரு கீறோம். ஆளுக்கொரு விசிலா வச்சிக்கினு கீறோம்? நாலு பேருக்கு ஒரு விசிலு. ஒருத்தி ஊதுனா நாலு பேரும் திரும்புவோம். பக்கத்துல பக்கத்துல நிக்கிறவளுங்க, ஒண்ணாத் திரும்புனா என்னா கெட்டுப்போவுது?"

கலைச்செல்வன் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான். பக்கத்துப் பக்கத்து ஆன்டெனா நான்குக்கு ஒரு டப்பா. ஆகப் பதினாறு. ஒரே ஆள் திறந்து வைத்துவிட்டுப் போகலாம், பூட்டவே வேண்டாம்.

அதைத்தான் அன்று கூட்டத்தில் சொன்னான். பல் போன பிறகும் சொன்னான்.

வேலுமணி எழுந்தார். கல்யாணக் களை இன்னும் முகத்தில் இருந்தது. "டப்பாவக் கொறச்சா பக்கத்துல பொய்க்கதிர் மொளைச்சு வேற எங்கயோ பாக்கும்னு புத்தகத்துலயே இருக்கு. தெரியுமா உனக்கு?"

"இருக்குங்க. கதிரை ரொம்ப ஓரமாத் திருப்பினாதாங்க அது வரும்" என்றான் கலைச்செல்வன், ரத்தத்தை விழுங்கி. "நாம என்ன வானத்தையா பாக்கறோம்? ஒரே ஒரு சுவரு. இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். அதுக்குப் பதினாறு போதும்ங்க."

"அப்ப மிச்சம் நாப்பத்தெட்டு?"

"சும்மா இருக்கலாம்ங்க."

"சும்மா இருக்கறதுக்குத்தான்யா டப்பாவே!" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கதறினார்.

இயக்குநர் தெய்வசிகாமணி கையை உயர்த்தினார். வெளிநாட்டில் ஒன்பது மாநாடுகளில் எளிமையைப் பற்றிப் பேசியவர். "எளிமை! அதுதான் இந்த மையத்தோட உயிர்மூச்சு. ஒரு காண்ட்ராக்ட் தொழிலாளி சொன்னாலும் எளிமை எளிமைதான். உடனே எளிமையாக்கக் குழு அமைக்கிறேன். இதுல யாரையும் விட்டுடக் கூடாது. அறுபத்துநாலு பேரும் உறுப்பினர்."

எளிமையாக்கக் குழு கூடிய நாளில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது: அந்தப் பதினாறு பேர் யார்?

சீனியாரிட்டி என்றார் வேலுமணி. நடு ஆன்டெனாவில்தான் பலம் அதிகம் என்றார் குஞ்சிதபாதம், அவருடையது நடு. ஓரத்தில் இருந்தவர்கள் ஓரம் இல்லாமல் நடு ஏது என்றார்கள். இந்தத் தத்துவ விவாதம் பதினைந்து நிமிடம் நடந்தது. பிறகு முதல் நாற்காலி பறந்தது.

அது வேலுமணியின் நெற்றியில் பட்டுத் திரும்பி வந்தது. அவர் ரத்தம் வழியக் குஞ்சிதபாதத்தின் மேல் பாய்ந்து இடது காதைக் கடித்தார். விடவில்லை. இழுத்தார்கள்; வேலுமணி வந்தார், காதின் மேல்பாதியும் கூட வந்தது. ஐம்பதாம் டப்பாக்காரர் ஐம்பத்தோராம் டப்பாக்காரரின் விரல்களைக் கதவிடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தினார். அவர்கள் இருபது வருடமாக ஒரே ஸ்கூட்டரில் ஆபீஸ் வருகிறவர்கள். புரொஜெக்டரைத் தூக்கி யாரோ யார் மேலோ போட்டார்கள். இயக்குநர் மேஜைக்கு அடியில் உட்கார்ந்து, எல்லோரும் கருத்துச் சொல்ல வாய்ப்புக் கிடைக்கிறதா என்று கவனித்துக்கொண்டிருந்தார்.

கூட்டக் குறிப்பு இப்படி முடிந்தது: "உறுப்பினர்கள் முழுமனதுடன் பங்கேற்றனர். காது தொடர்பான பொருள் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. எளிமையாக்கும் திட்டம் ஏற்கப்பட்டது. அதன்படி அறுபத்துநாலு டப்பாக்களும் நான்கு நான்காகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பிரிவுக்கும் மேலாக ஒரு டப்பா, அந்தப் பதினாறுக்கும் மேலாக நான்கு, நான்குக்கும் மேலாக ஒன்று அமைக்கப்படும். மொத்தம் எண்பத்தைந்து."

பச்சைப் பலகையில் ஒரு நாள் கூடியது. காது போனது விபத்தில் சேராது, வேண்டுமென்றே கடித்தது.

கலைச்செல்வன் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. மையத்துக்குப் பின்னால், சுரங்க விளிம்பிலேயே ஒரு தகரக் கொட்டகை இருந்தது. பழுதானது என்று தூக்கிப் போட்ட பழைய பலகை ஒன்று அங்கே கிடந்தது. கழித்துக் கட்டிய டப்பாக்களில் பதினாறைப் பழுது பார்த்தான். பலகையை நிமிர்த்தித் தென்சுவரைப் பார்க்க வைத்தான். நான்கு ஆன்டெனாவுக்கு ஒரு டப்பா. மூன்று வாரத்தில் திரையில் சுவர் தெரிந்தது. வெடிப்பும் தெரிந்தது. நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் என்று நகர்ந்துகொண்டிருந்தது.

ஆயுத பூஜைக்கு முந்தைய இரண்டு நாள் விடாமல் மழை.

ஆயுத பூஜை அன்று நெய்வேலியில் எல்லா இயந்திரத்துக்கும் சந்தனம், குங்குமம், மாலை. வைத்த பொருளை மறுநாள் காலை வரை எடுக்கக் கூடாது. மையத்தில் அறுபத்துநாலு டப்பாக்களுக்கும் பொட்டு வைத்துப் பூட்டி, அறுபத்துநாலு சாவிகளையும் வெள்ளித் தாம்பாளத்தில் சாமி படத்தின் முன்னால் அடுக்கியிருந்தார்கள். சங்கின் பொத்தானுக்கு ஒரு சாமந்தி மாலை. கடப்பாரைக்கும் ஒரு மாலை. பள்ளத்துக்குக் கீழே மட்டும் வழக்கம்போல் ஷிப்ட் ஓடிக்கொண்டிருந்தது. நிலக்கரிக்குப் பண்டிகை கிடையாது, காண்ட்ராக்டுக்கும் கிடையாது.

கொட்டகையில் இருந்த பலகைக்கு யாரும் பூஜை போடவில்லை. அது கருவி என்று எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அதனால் அது வேலை செய்துகொண்டிருந்தது.

பகல் பதினொன்றே முக்காலுக்குக் கலைச்செல்வன் திரையைப் பார்த்தான். மணிக்கு ஒன்பது மில்லிமீட்டர். அக்காவுக்குப் போன் போட்டான். போன் மேலே லாக்கரில் அடித்தது, கீழே கொண்டுபோக அனுமதியில்லை. மறுபடி திரையைப் பார்த்தான். முப்பது.

பூஜை மண்டபத்துக்குள் ஓடினான். சாம்பிராணிப் புகைக்குள் அறுபத்துநாலு பேரும் பட்டு வேட்டியில் நின்றிருந்தார்கள். குஞ்சிதபாதத்தின் பாதிக் காதில் பஞ்சு.

"சார், சுவரு வருது! சங்கு ஊதணும் சார்!"

தெய்வசிகாமணி கண்ணை மூடியபடியே சொன்னார். "எந்த ராடார் சொல்லுது? நம்ம ராடார் பூஜையில இருக்கே."

"கொட்டகையில இருக்கிறது சார். பதினாறு டப்பாவுல ஓடுது."

"பதினாறா?" என்றார் வேலுமணி. புகைக்குள் ஒரு பெருமூச்சு எழுந்தது. பதினாறில் ஓடுகிறது என்ற செய்திதான் அவர்களுக்கு எட்டியது. சுவர் வருகிற செய்தி எட்டவில்லை.

"கீழ நாப்பது பேரு இருக்காங்க சார்! எங்க அக்கா இருக்கு!"

"தம்பி, உணர்ச்சிவசப்படாத" என்றார் இயக்குநர். "இந்த மையத்தோட அமைப்பு அப்படி. ஒரு பிடி மண் சரியணும்னாலும் அறுபத்துநாலு பேரோட கையெழுத்தைத் தாண்டித்தான் சரியணும். இன்னைக்கு ஒரு கையெழுத்தும் கிடையாது. மண் எப்படிச் சரியும்? நாளைக்குக் காலையில பத்து மணிக்கு வா."

கலைச்செல்வன் அவரைத் தாண்டிப் போனான். சங்கின் பொத்தான் மேலிருந்த மாலையைப் பிய்த்து எறிந்தான். பொத்தானை அழுத்தினான்.

சங்கு அலறியது.

திருஷ்டி கழிக்க வைத்திருந்த பூசணிக்காய்தான் முதலில் வந்தது. குங்குமம் திணித்த பதினைந்து கிலோ காய் அவன் உச்சந்தலையில் உடைந்தது. சிவப்பில் எது குங்குமம், எது ரத்தம் என்று தெரியவில்லை. அவன் பொத்தானை விடவில்லை. வெள்ளித் தாம்பாளத்தால் முதுகில் அடித்தார்கள். சாவிகள் நாலாபக்கமும் சிதறின. விடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பின்னால் வளைத்தார்கள். இரண்டு முறிந்தன. மிச்சம் எட்டு இருந்தது. கடைசியில் குஞ்சிதபாதம் மாலை போட்ட கடப்பாரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஓங்கி இறக்கினார். காறை எலும்பு முறிந்த சத்தம் சங்குக்கு மேல் கேட்டது. பிறகு எல்லோரும் கொட்டகைக்குப் போய்ப் பதினாறு டப்பாக்களையும் நசுக்கினார்கள். பலகையை எட்டாக உடைத்தார்கள். பட்டு வேட்டிகள் சேறானதில் அவர்களுக்கு வருத்தம்.

நிமிர்ந்தபோது எதிரே தென்சுவர் நகர்ந்துகொண்டிருந்தது.

முதலில் அது வயிறு தள்ளியது. பிறகு நடுவில் மடிந்தது. பிறகு எழுபது மீட்டர் உயர மண்ணும் களியும் தண்ணீரும் ஒரே பாய்ச்சலில் பள்ளத்துக்குள் இறங்கின. இருநூறு மீட்டர் பெல்ட்டை நாடாபோல் சுருட்டின. இரண்டு பம்புகளையும் ஒரு லாரியையும் நசுக்கி விழுங்கின. கிரேன் ஒன்றின் கழுத்து முறிந்து தலைகீழாகப் போனது. நிலம் அதிர்ந்ததில் மண்டபத்துச் சாமி படம் குப்புற விழுந்தது.

கீழே, சங்கு கேட்ட அந்த நொடியிலேயே மாணிக்கம்மாள் விசிலை வாயில் வைத்திருந்தாள். ஒரு விசிலுக்கு நான்கு பேர். பத்து விசில்கள். நாற்பது பேரும் ஒரே திசையில் சரிவுப்பாதையில் ஏறினார்கள். கடைசியாக ஏறியவள் அவள். பின்னால் உருண்டு வந்த பாறை ஒன்று அவளுடைய இடது கையை முழங்கைக்கு மேல் நொறுக்கியது. வலது கையில் மண்வெட்டி இருந்தது. அதை அவள் விடவில்லை.

வாசலில் பச்சைப் பலகையில் 1,151.

விசாரணை நான்காம் நாள் நடந்தது. நீள மண்டபம், வலக்கோடியில் ஒரு கதவு, இடக்கோடியில் ஒரு கதவு. அறுபத்துநாலு பேரும் எட்டு எட்டாக, வலமிருந்து இடமாக எட்டு வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். கலைச்செல்வனை மாவுக்கட்டோடு முன்னால் ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தார்கள்.

குற்றச்சாட்டு மூன்று. ஒன்று, பூஜைக்கு வைத்த மாலையை அவமதித்தது. இரண்டு, பொய்யான சங்கு ஊதியது. மூன்று, மையத்துக்குச் சொந்தமான கடப்பாரையைத் தன் தோள்பட்டையால் வளைத்தது.

"பொய்யா?" என்றான் கலைச்செல்வன். "சுவரு விழுந்துச்சே சார்!"

தெய்வசிகாமணி பரிவோடு சிரித்தார். "விழுந்தது. யாராவது செத்தாங்களா?"

"இல்ல சார். சங்கு ஊதினதால—"

"செத்திருந்தா ஆபத்து இருந்ததுன்னு அர்த்தம். ஒருத்தரும் சாகல. அப்ப ஆபத்தே இல்ல. இல்லாத ஆபத்துக்குச் சங்கு ஊதினா அது பொய்ச் சங்கு. இது அறிவியல், தம்பி. உணர்ச்சிக்கு இடமில்ல." அவர் அவையைப் பார்த்தார். "நம்ம ராடாரைப் பாருங்க. சுவர் விழுந்த நேரத்துல அது ஒரு சத்தமும் போடல. ஒருத்தரும் சாகலங்கிறது நம்ம ராடாருக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு! அதனால எண்பத்தஞ்சு டப்பாவோட நிக்காம இருநூத்தி அம்பத்தாறுக்கு விண்ணப்பிக்கிறோம்."

கைதட்டல் எழுந்தது. குஞ்சிதபாதம் ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு அவரும் தட்டினார்.

"வேலை நீக்கம். போலீஸ்ல ஒப்படைப்பு. கையெழுத்துப் போடுங்க" என்றார் இயக்குநர். தீர்மானத்தாள் வரிசையில் நகரத் தொடங்கியது.

அப்போது வலக்கோடிக் கதவு திறந்தது. மாணிக்கம்மாள் நின்றாள். இடது கை தூளியில். வலது கையில் மண்வெட்டி, சுரங்கத்துக் களிமண் அதில் இன்னும் ஒட்டியிருந்தது. கழுத்தில் விசில்.

"யாரும்மா நீ?" என்றார் வேலுமணி.

"கீழ இருந்தவ."

"சாட்சியா? செத்தவங்க சாட்சிதான் இங்க செல்லும்னு இப்பதான் இயக்குநர் விளக்கினாரு. நீதான் சாகலையே."

"அது ஒரு கொறையாப் போச்சா ஐயா?" என்றாள் அவள். தம்பியைப் பார்த்தாள். மாவுக்கட்டைப் பார்த்தாள். பல் இல்லாத இடத்தைப் பார்த்தாள். "டேய் கலை, உன் எலும்ப ஒடச்சவன் இதுல எவன்டா?"

கலைச்செல்வன் யோசித்தான். "எல்லாரும் கையெழுத்துப் போட்டுக்கினுதான் இருக்காங்கக்கா."

"சரி" என்றாள் மாணிக்கம்மாள்.

மண்வெட்டி ஒற்றைக் கையில் ஒரு முழு வட்டம் சுற்றி, பக்கத்தில் இருந்த இயக்குநரின் மேஜை நடுவில் இறங்கியது. மேஜை இரண்டானது. மேலே வைத்திருந்த அவருடைய கண்ணாடியும் குற்றச்சாட்டுத் தாளும் அந்தப் பிளவுக்குள் போயின. மண்வெட்டியை அவள் திரும்ப உருவினாள். பிறகு விசிலை வாயில் வைத்து ஒரே ஒரு முறை ஊதினாள்.

அவளுக்குப் பக்கத்தில், வலக்கோடியில் இருந்த எட்டுப் பேர் முதலில் எழுந்தார்கள். அவர்களைப் பார்த்து அடுத்த எட்டு. ஒரு துளி பிந்தி அடுத்த எட்டு. இடக்கோடி எட்டு கடைசியில். ஒருவரும் கையெழுத்துக் கேட்கவில்லை, ஒருவரும் சாவியைத் தேடவில்லை. அறுபத்துநாலு உடல்களும் ஒரே அலையாக இடப்பக்கம் திரும்பி, இடக்கோடிக் கதவையும் நிலையையும் பெயர்த்துக்கொண்டு வெளியே பாய்ந்தன.

கலைச்செல்வன் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே பார்த்தான். கோணம் மிகச் சரியாக இருந்தது. பொய்க்கதிர் ஒன்றுகூட இல்லை.

"அக்கா" என்றான், "நான் கணக்குல தப்புப் பண்ணிட்டேன். பதினாறுகூடத் தேவையில்ல."